முதல் மூன்று நொடிகள்

ஏப்ரல். போடோவில் தெருவோரப் பனி
கறுத்துப்போய் இன்னும் கிடக்கிறது.
ஐந்து மாதம் போர்வைக்குள் இருந்த வண்டியைக்
கிளப்புகிறேன்.
முதல் மூன்று நொடிகள்
தகர டப்பாவில் யாரோ சில்லறையைக் குலுக்குகிறார்கள்.
பிறகு எண்ணெய் ஏறுகிறது.
பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி
ஆயிரத்து முந்நூறு சீசியின் சீரான முனகல்.

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்கிறான் ஹோவார்.

அவனுக்குக் கேட்காது.
பதினேழு வருடம் சுரங்கப்பாதைகளுக்குப் பாறை வெடித்தவன்.
நான்காயிரம் ஹெர்ட்ஸில் அவன் கோடு
கடலுக்குள் இறங்கும் மலைபோலச் சரிவதை
நானே தாளில் வரைந்திருக்கிறேன்.
காது பார்ப்பது என் தொழில்.
கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று
நாளைக்குப் பதினொரு பேரிடம் சொல்கிறேன்.

எனக்குப் போன வருடமே கேட்டது.
நான் அழுத்தவில்லை.
சூடானால் போய்விடுகிறது என்றேன்.
அந்தச் சத்தத்தோடுதான் லோஃபோட்டன் போய்வந்தோம்,
இரண்டு பேர், மூன்று பெட்டி, ஒரு கூடாரம்.
படகின் சரிந்த தளத்தில்
வண்டியை கியரில் விட்டுக் கயிறு கட்டினேன்.
அலையில் பின்சக்கரம் ஒரு சாண் பின்னால் உருண்டிருந்தால்
எஞ்சினும் பின்னோக்கிச் சுழன்றிருக்கும்,
தொய்ந்த கேம் செயின் பல் தாண்டியிருக்கும்,
மோஸ்கெனஸ் துறையில் சாவியைத் திருப்பியதும்
வால்வுகள் பிஸ்டன் தலையில் முட்டியிருக்கும்.
உருளவில்லை.
அதிர்ஷ்டம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறிக் கிடக்கையில்,
நீளத் திருப்புளியின் முனையை
வலப்பக்கம் டென்ஷனர் மேல் வைத்தேன்.
பிடியை அவன் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில்.
செத்த நரம்புக்கு இது மருந்தல்ல, தெரியும்.
ஆனால் அந்தச் சில்லறைக்கு அடியில்
ஒரு கனத்த தட்டலும் இருக்கிறது,
அது எலும்பேறிப் போகும்.
கிளப்பினேன்.
ஒன்று. இரண்டு.
பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இழுத்துக்கொண்டான்.

"இதையா
ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய்?"

உதிரிபாகக் கடையில் ட்ரூல்ஸ்
எத்தனை ஓடியிருக்கிறது என்று மட்டும் கேட்டான்.
தொண்ணூற்றாறாயிரம் என்றேன்.
தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனவன்
கட்டைவிரல் நீளத்தில் ஒரு பொட்டலத்தோடு வந்தான்.
உள்ளே ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு கேஸ்கெட்.
இரண்டு போல்ட்தான் வேலை.
ஆனால் பழையதைக் கழற்றி
புதியது உட்காரும்வரை
சங்கிலிக்கு யாருமில்லை.

அந்த நேரம் முழுக்க
எஞ்சின் மயிரிழைகூடத் திரும்பக் கூடாது.
ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு அசையாமலிருப்பது
ஹோவாரின் பங்கு.
தும்மல் வந்தது அவனுக்கு. அடக்கினான்,
கண்ணில் நீர் வழிய.
நான் சிரித்துவிடாமலிருக்க
போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய தண்டை விரலால் அழுத்திப் பார்த்தேன்.
உள்ளே போயிற்று.
வெளியே வர யோசித்தது.

புதியதை மாட்டி, இறுக்கி, பூட்டை எடுத்ததும்
உள்ளே எங்கோ 'டக்' என்றது.
கிளப்பினேன்.
முதல் நொடியிலிருந்தே முனகல் மட்டும்.
"போய்விட்டதா?" என்று என் முகத்தைப் பார்த்தான்.
தலையாட்டினேன். அவனுக்குப் போதவில்லை.
திருப்புளியை அவனே எடுத்து
எலும்பில் வைத்துக் குனிந்தான்.
"ஒன்றுமில்லை" என்றான்.
ஒன்றுமில்லாததை
இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை முதலில் வந்தவர்
விரல் நகத்தில் என்ன கறுப்பு என்று கேட்டார்.
எண்ணெய் என்றேன்.
உள்ளே போய் உட்காருங்கள்,
கதவைச் சாத்துகிறேன்.